குஞ்சு பொரிக்கும் கிளி ஜோடிக்கு ஏற்ற கூண்டு

வீட்டில் வளர்க்கும் சிறுகிளிகளுக்குக் கூண்டு வாங்குவோரில் பலர், அன்றைக்கு அதற்குள் விடப்போகும் இரண்டு பறவைகளை மட்டுமே மனத்தில் வைத்து அளவைத் தீர்மானிக்கின்றனர். அந்த இரண்டும் ஆணும் பெண்ணுமாக இணைந்து குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது நோக்கமானால், முதல் முட்டை இடப்பட்டதிலிருந்து ஏறத்தாழ எட்டு வாரங்கள் கழித்து அதே கம்பிகளுக்குள் ஆறேழு பறவைகள் இருக்கும் என்பதையும், அவற்றுள் சில பறக்கவும் தானாக உண்ணவும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும் என்பதையும் வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த எட்டாவது வாரத்தை அளவுகோலாகக் கொண்டு கூண்டின் நீளம், கம்பி, உட்காரும் கொம்பு, முட்டைப் பெட்டி, வைக்கும் இடம் ஆகியவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இங்கே எடுத்துக்கொள்ளப்படும் பறவை, தமிழ்நாட்டுக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் ஜோடி ஜோடியாக விற்கப்படும் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளியாகும். உள்நாட்டுப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள காட்டுப்பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றமாதலால், அதற்கு எந்தக் கூண்டு ஏற்றது என்ற கேள்விக்கே இடமில்லை. பட்ஜெரிகர் அவ்வாறன்று. இயற்கையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றது முதல், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்து வளர்க்கப்பட்டு வரும் இனம் அது. ஆயினும் அதன் உடலும் உள்ளுணர்வும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளிகளில் உருவானவை. ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமும் 30 முதல் 40 கிராம் எடையும் கொண்ட காட்டுப் பறவை, மழை பெய்து புல்விதை விளையும் திசையைத் தேடிக் கூட்டங்கூட்டமாக நெடுந்தொலைவு பறக்கிறது. யூகலிப்டஸ் மரப் பொந்துகளில், ஒரே மரத்தில் பல ஜோடிகளாக, வைக்கோலோ பஞ்சோ எதுவும் பரப்பாமல் வெறும் மரத்தரையின்மேல் முட்டையிடுகிறது. நீண்ட பறத்தல், இருண்ட பொந்து, கூப்பிடு தொலைவில் சுற்றம் ஆகிய மூன்றையும் கூண்டால் முழுமையாகத் தர முடியாது என்றாலும், மூன்றில் எதையும் அறவே மறுக்கும் கூண்டில் நல்ல குஞ்சுகளை எதிர்பார்க்க இயலாது.

அளவைப் பொறுத்தவரை முதலில் விலக்கவேண்டிய மயக்கம் உயரத்தைப் பற்றியது. கோபுரம்போல் உயர்ந்து மேலே குவிந்த கூண்டுகள் கண்ணுக்கு அழகாக இருப்பதாலும், வீட்டில் சிறிய இடத்தையே அடைப்பதாலும் விரைவாக விற்பனையாகின்றன. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு கூண்டையும், இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள மற்றொன்றையும் ஒப்பிட்டால் இரண்டின் கொள்ளளவும் மூன்று கன அடிதான். ஆனால் முதலாவதில் பறவை சிறகை முழுதாக விரிக்கக்கூட முடியாது. இரண்டாவதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில சிறகடிப்புகளேனும் அடித்துச் செல்லலாம். பட்ஜெரிகர் கிடைமட்டமாகப் பறக்கும் பறவை, ஹெலிகாப்டரைப் போல நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக மேலெழுவதோ இறங்குவதோ அதன் இயல்பன்று. மேலும், உயரமான இடத்தையே பாதுகாப்பாகக் கருதும் அதன் இயல்பினால், உயர்ந்த கூண்டின் மேல்மூன்றில் ஒரு பகுதியே பயன்பட, கீழ்ப்பகுதி வெற்றிடமாகக் கிடக்கிறது. வட்டக் கூண்டில் பறவை ஒதுங்குவதற்கு ஒரு மூலைகூட இல்லை. கம்பிகள் உச்சியில் ஒன்றோடொன்று நெருங்கும் இடுக்குகளில் விரலும் நகமும் சிக்கும் ஆபத்து வேறு. இவ்விரு வகைகளையும் ஜோடி சேர்ப்பதற்குத் தகாதவை என்று தயக்கமின்றி ஒதுக்கிவிடலாம்.

ஒரே ஒரு ஜோடிக்கு 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் என்பது வளர்ப்போரிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு. இதைக் குறைந்தபட்ச அளவாக மட்டுமே கொள்ள வேண்டும். காரணத்தை நாட்கணக்கு தெளிவாக்குகிறது. பெண்பறவை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு முட்டையாக நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடுகிறது; முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 18 நாட்களில் பொரிக்க, ஐந்து குஞ்சுகளுள் மூத்ததற்கும் இளையதற்கும் எட்டு நாள் இடைவெளி ஏற்படுகிறது. மூத்த குஞ்சு முப்பது, முப்பத்தைந்து நாளில் பெட்டியை விட்டு வெளியே வரும்போது இளையது இன்னும் உள்ளே இரை கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும். தாயோ அதே பெட்டியில் அடுத்த முட்டைகளை இடும் முனைப்பில் இருக்கக்கூடும். அந்நிலையில் வெளிவந்த குஞ்சைத் தன் பொந்துக்குப் போட்டியாக வந்த அயற்பறவையாகவே கருதித் தலையிலும் முதுகிலும் கொத்தும் தாய்ப்பறவைகள் உண்டு. குஞ்சுக்கு ஓடி விலக இடமில்லாத சிறு கூண்டில் இந்தக் கொத்தல் சாவில் முடிகிறது. இதைத் தாயின் குணக்கேடு என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது கூண்டு வாங்கியவர் செய்த குறை.

ஆகவே, வசதியுள்ளோர் நாலடி நீளக் கூண்டை வாங்கி, நடுவே இழுத்துச் செருகும் தடுப்பு ஒன்றை அமைத்துக்கொள்வது மிகச் சிறந்த ஏற்பாடாகும். ஜோடி சேரும் காலத்தில் தடுப்பைச் செருகி இரு ஜோடிகளை இரு பாதிகளில் வைக்கலாம். அல்லது ஒரே ஜோடியை ஒரு பாதியில் வைத்து, குஞ்சுகள் வெளிவரத் தொடங்கியதும் தடுப்பை அகற்றி முழு நீளத்தையும் அவற்றுக்குத் திறந்துவிடலாம். பெட்டியை விட்டு வந்த குஞ்சுக்கு மேலும் ஒன்றிரண்டு வாரங்கள் தந்தைப்பறவையே இரையூட்டி வருவதால், தாய் கொத்தத் தொடங்கினால் தந்தையையும் குஞ்சுகளையும் ஒரு பாதியில் பிரித்து வைப்பதற்கும் அதே தடுப்பு உதவுகிறது. இரண்டடிக் கூண்டே இயலும் என்போர், தரையின் ஒரு மூலையில் பக்கவாட்டில் திறப்புள்ள சிறு மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், துரத்தப்படும் குஞ்சு அதனுள் புகுந்துகொள்ளும். அந்நாட்களில் தட்டின்மேல் உள்ள கம்பிச்சல்லடையை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரிப்பதும் அவசியம். பறக்கத் தெரியாமல் தரையில் வந்து விழும் குஞ்சின் கால் சல்லடைக் கண்ணில் இறங்கினால் எலும்பு முறிய அதிக நேரமாகாது. தரையிலேயே ஒரு தாழ்ந்த கிண்ணத்தில் தினையும் ஒரு தினைக்கதிரும் இருந்தால் குஞ்சு தானாகக் கொறிக்கப் பழகும்.

கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு, அதாவது 12 மில்லிமீட்டருக்கு, மிகாமல் இருக்க வேண்டும். பெரிய கிளிகளுக்கென்று செய்த கூண்டுகள் சில நேரம் மலிவாகக் கிடைத்தாலும், அவற்றின் முக்கால் அங்குல இடைவெளியில் இளங்குஞ்சு தலையை நுழைத்துவிட்டு மீண்டும் எடுக்க முடியாமல் இறக்கக்கூடும். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் அறுகோண வலையும் ஆகாது, அதன் முறுக்கிய கண்ணிகளில் விரல்கள் மாட்டிக்கொள்கின்றன. பக்கச் சுவர்களில் கிடைக்கம்பிகள் இருந்தால் அலகாலும் காலாலும் பற்றி ஏறும் கிளியின் இயல்புக்கு உதவியாக இருக்கும். அரை அங்குலத்துக்கு ஓரங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் வலையைக் கொண்டு கூண்டு கட்டித் தருவோர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். கடைக்கூண்டைவிட அது பெரும்பாலும் உறுதியானது, நீளத்தையும் வேண்டியபடி கேட்டு வாங்கலாம்.

அந்த வலையில் மறைந்திருக்கும் ஒரு கேட்டை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜி.ஐ. கம்பி எனப்படுவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசப்பட்ட இரும்புக்கம்பி. பூச்சு சீராக இல்லாத வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கம்பிகள் குறுக்கிடும் இணைப்புகளில் அரிசிக் குருணை அளவில் வெள்ளிநிறத் திட்டுகளும் ஊசிபோன்ற முனைகளும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். எதையும் அலகால் உருட்டிச் சோதித்துப் பார்க்கும் கிளி, இந்தத் திட்டுகளைப் பெயர்த்து விழுங்குகிறது. நாற்பது கிராம்கூட எடையில்லாத உடலில் மிகச் சிறிய அளவுத் துத்தநாகமே நஞ்சாகி, பறவை சோர்ந்து, பச்சையாக நீர்த்துக் கழிந்து, நடுங்கி, காரணம் புலப்படுவதற்குள் இறந்துவிடுகிறது. புதுக்கூண்டில் விட்ட சில வாரங்களில் பறவைகள் சாகும்போது தினையையும் தண்ணீரையும் குற்றம் சொல்வோர் கம்பியைப் பார்ப்பதில்லை. புதிய வலையை வினிகர் தோய்த்த கம்பித் தூரிகையால் இணைப்பு இணைப்பாகத் தேய்த்து, நன்றாகக் கழுவி, சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்ட பிறகு கூண்டு கட்டினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். எவர்சில்வர் கூண்டில் இக்கவலை இல்லை, ஆனால் விலை மிக அதிகம். பவுடர் கோட்டிங் செய்த கூண்டு நடுத்தரமானது, வண்ணப்பூச்சு உரிந்து கம்பி தெரியத் தொடங்கும் வரை அதை நம்பலாம். ஈயம் கலந்த பற்றவைப்பு உள்ள பழங்கூண்டுகளை எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்கலாகாது.

கதவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேலே தூக்கும் கதவைப் பட்ஜெரிகர் அலகால் தூக்கக் கற்றுக்கொள்ளும், ஆகவே ஒரு கொக்கியோ கிளிப்போ வேண்டும். உணவுக்கிண்ணத்துக்கென்று தனிச் சிறு கதவு இருந்தால், அடைகாக்கும் பறவையைக் கலைக்காமல் தினமும் இரை மாற்றலாம்.

உட்காரும் கொம்பு சிறு பொருளாகத் தோன்றினாலும், முட்டை கருக்கொள்வதும் கொள்ளாததும் பல நேரம் அதைப் பொறுத்தே அமைகிறது. இணைசேரும்போது ஆண்பறவை பெட்டையின் முதுகில் ஏறி, ஒரு சிறகால் அதை அணைத்து நிலைகொள்ள வேண்டியிருக்கிறது. கொம்பு உருண்டாலோ ஆடினாலோ சேர்க்கை முழுமை பெறாமல், இட்ட முட்டைகள் எல்லாம் கூமுட்டைகளாகப் போகின்றன. பறவைகளின் வயதையும் தீனியையும் ஐயுறுவதற்கு முன்பு கொம்பை விரலால் அசைத்துப் பார்ப்பது நல்லது. கூண்டுடன் வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை நீக்கி, வேம்பு அல்லது கொய்யாவின் கிளைகளை, ஓரிடத்தில் சுண்டுவிரல் பருமனும் வேறிடத்தில் சற்று அதிகமுமாக வெட்டி, இரு முனைகளிலும் கம்பியோடு இறுகப் பொருத்த வேண்டும். பருமன் மாறிமாறி இருந்தால் பாதத்தின் ஒரே இடத்தில் எப்போதும் அழுத்தம் விழாது. உள்ளங்கால் புண்ணும் வராது. பறவை திரும்பும்போது வால் சுவரில் உரசாத அளவுக்கு விலகியும், எச்சம் தீனியிலும் தண்ணீரிலும் விழாதபடியும், நடுவே பறக்கும் வழியை மறிக்காமலும் இரண்டு மூன்று கொம்புகள் இருந்தால் போதும். ஏணியும் ஊஞ்சலும் கண்ணாடியுமாக நிரப்பிய கூண்டில் பறப்பதற்கென்று விலைகொடுத்து வாங்கிய நீளம் வீணாகிவிடுகிறது.

முட்டையிடும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையே வழக்கம். அது மலிவானது, வெயிற்காலத்தில் குளிர்ச்சியானது, அடி குழிவாக இருப்பதால் முட்டைகள் சிதறி உருளாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. குறைகளும் சிறியன அல்ல. வாய் குறுகிய பானைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. ஐந்து குஞ்சுகள் வளரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைக்குட்டி அடியில் நசுங்குகிறது. எச்சமும் ஈரமும் ஊறிய மண்ணைத் தூய்மை செய்வதும் கடினம். மேல்மூடி கழற்றக்கூடிய அகன்ற பானை கிடைத்தால் குறையில்லை, இல்லையெனில் மரப்பெட்டியே மேலானது. ஏறத்தாழ 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உயரமும் உள்ள பெட்டியின் ஒரு முனையில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த வட்டத்துளையும், அதற்கு எதிர்முனைத் தரையில் குழிவாகக் கடைந்த மரப்பலகையும் இருக்க வேண்டும். துளைக்கு நேர்கீழே குழி இருந்தால் உள்ளே குதிக்கும் தாய் முட்டைகளின் மேலேயே வந்து விழும், அதனால்தான் இந்த விலக்கம். தரை தட்டையாகவும் வழுக்கலாகவும் இருந்தால், தாயின் எடை அழுத்தக் குஞ்சுகளின் கால்கள் இருபுறமும் விரிந்து, பின்னர் நிமிர்ந்து நிற்கவே முடியாத ஊனம் நேர்கிறது. குழிப்பலகைகள் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழுவி உலர்த்தும்போது மற்றொன்றை வைக்கலாம்.

பெட்டியைக் கூண்டுக்குள் வைப்பதைவிட வெளிப்புறத்தில் மேற்பகுதியில் மாட்டி, துளை மட்டும் கூண்டுக்குள் திறக்குமாறு அமைப்பது இருவகையில் நன்மை தரும். உள்ளே பறக்கும் இடம் குறைவதில்லை, மூடியைத் திறந்து முட்டைகளைப் பார்க்கக் கூண்டுக்குள் கைவிடவும் வேண்டியதில்லை. கூண்டு வாங்கும்போதே பெட்டி மாட்டுவதற்கான சிறுகதவு மேற்பகுதியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் அறியாத ஒரு தேவை, ஒலி. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் பார்பரா பிராக்வே நடத்திய ஆய்வுகளில், ஆண் பட்ஜெரிகரின் காதற்குரலைக் கேட்பதே பெண்ணின் முட்டைப்பையை வளரச் செய்து முட்டையிடத் தூண்டுகிறது என்பது தெரியவந்தது. தனி வீட்டில் தனிக் கூண்டில் ஒற்றை ஜோடி மாதக்கணக்கில் முட்டையிடாமல் இருந்துவிட்டு, பக்கத்தில் மேலும் இரண்டு மூன்று ஜோடிகள் வந்ததும் இடத் தொடங்குவதன் காரணத்தை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். கூட்டமாக வாழும் பறவைதானே என்று எல்லா ஜோடிகளையும் ஒரே பெருங்கூண்டில் விடுவதும் முறையாகாது. பொந்துக்காகப் பெட்டைகள் இரத்தம் சிந்தச் சண்டையிடும், அடுத்தவளின் முட்டையை உடைக்கும், குஞ்சையும் கொல்லும். அவ்வாறு வைத்தே தீரவேண்டுமானால் ஜோடிகளைவிடப் பெட்டிகள் மிகுதியாகவும், எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். துணையற்ற பெட்டை ஒன்றுகூட உள்ளே இருக்கலாகாது. ஜோடிக்கு ஒரு கூண்டாகப் பிரித்து, கூண்டுகளை ஒன்றன் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும்படி ஒரே அறையில் அடுக்குவதே நேர்த்தியான வழி.

கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைக்கும் இடம் தவறினால் பயனில்லை. காலை வெயில் சிறிது பட்டு, உச்சி வெயிலும் ஐப்பசி கார்த்திகைச் சாரலும் படாத தாழ்வாரம் பொருத்தமானது. பின்புறமும் ஒரு பக்கமும் சுவரோ பலகையோ இருந்தால் பறவை அச்சமின்றி அடைகாக்கும். சமையலறை அறவே கூடாது, அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் வாணலியிலிருந்து எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். இந்த மண்ணில் பூனை, காகம், பாம்பு ஆகியவற்றுக்கு இணையான எதிரி எறும்பு. பொரித்து ஓரிரு நாளான, கண் திறவாத குஞ்சுகளை ஒரே இரவில் எறும்புகள் கடித்துக் கொன்றுவிடுகின்றன. நான்கு கால்கள் கொண்ட தாங்கியில் கூண்டை நிறுத்தி, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்து, கூண்டு சுவரிலோ திரைச்சீலையிலோ தொடாமல் பார்த்துக்கொள்வது பழைய முறைதான், அதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆகவே சுவரில் மாட்டும் கூண்டைவிடத் தாங்கியில் நிற்கும் கூண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழுத்தெடுக்கும் தட்டு இல்லாத கூண்டை வாங்கலாகாது என்பதற்கு மனிதர் நலனும் ஒரு காரணம். உலர்ந்த எச்சம் தூளாகிக் காற்றில் கலக்கும்போது சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பறவையிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடும்; 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்கக் கிளிகளின் வழியாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பல உயிர்களைக் கொன்றது இந்நோய்தான். தட்டில் விரித்த தாளைத் தினமும் நீர் தெளித்து நனைத்தபின் சுருட்டி எடுத்தால் தூசி எழாது.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் ஆகியவற்றுக்கும் இந்த முறைகள் பெரும்பாலும் பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும். முன்னது வலுத்த அலகால் பிளாஸ்டிக்கையும் மெல்லிய மரத்தையும் கடித்துத் துளைக்கும், பெட்டிக்குள் பரப்பப் பனை, தென்னை ஓலைக் கீற்றுகளையும் வேண்டும். பின்னது முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட பறவையாதலால் ஒரு ஜோடிக்கே நாலடிக் கூண்டும், ஓரடிப் பெட்டியும், இரண்டரை அங்குலத்துக்குக் குறையாத துளையும் தேவை. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸைப் பட்ஜெரிகருடன் ஒரே கூண்டில் விட்டால் சிறியதன் விரல்களைப் பெரியது கடித்துத் துண்டித்துவிடும்.

கூண்டுக்கான செலவைக் கணக்கிடும்போது வழக்கமாக விட்டுப்போகும் ஒன்றையும் சேர்க்க வேண்டும். பெட்டி இருக்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தும் எடுத்துக்கொடுப்பதால், கணவாய் ஓடு எவ்வளவு வைத்தாலும் தொடர்ந்து இடும் பெட்டை நலிந்து, முட்டை வெளிவராமல் அடைத்து இறந்துவிடும் நிலை வரும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை குஞ்சு பொரித்ததும் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆணையும் பெண்ணையும் பிரித்து, சில மாதங்கள் நன்றாகப் பறந்து உடல் தேற விடுவது கடமை. ஓய்வுக்காலத்தை அதே இரண்டடிக் கூண்டில் கழித்தால் பறவை கொழுத்துப் போகும். நாலடிக்குக் குறையாத, பெட்டி மாட்டாத பறக்கும் கூண்டு ஒன்றாவது வேண்டும், பல ஜோடிகள் உள்ள வீட்டில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். தாய்தந்தையிடமிருந்து பிரித்த இளம்பறவைகளும் ஒரு வயதை நெருங்கும்வரை ஜோடி சேர்க்கப்படாமல் வளரவேண்டியது இத்தகைய கூண்டில்தான். கையிலுள்ள பணம் ஒரு கூண்டுக்கே போதுமானதாக இருந்தால், பறக்கும் கூண்டை முதலில் வாங்கி, பறவைகளைப் பெட்டியின்றி அதில் வளர்த்து, ஜோடிக்கூண்டு வாங்க வசதி வரும்வரை காத்திருப்பதே சரியான வரிசை.